சுமைதாங்கிக்குக் கதவு போட்ட கதை

ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரிகிற தென்கால் என்கிற வாய்க்காலின் கரையில் செங்குளத்தூர் என்று ஓர் ஊர். அங்கிருந்து மணல்விளை வழியாக ஏரல் சந்தைக்குப் போக ஒரு பாதை உண்டு. சாலை என்ற பட்டம் பின்னால்தான் அதற்குக் கிடைத்தது. நீளம் அதிகமில்லை. செங்குளத்தூரில் வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர் மணல்விளையில் துப்பலாம்.

அந்தப் பாதையைப் போட்டவர் யார் என்று கேட்டால், ஒருவரும் இல்லை. கால்கள்தான் போட்டன. கால்கள் போட்டதால் அது நேராகவும் போகாது. வாழைத்தோட்டத்துக்காரர் ஒருவர், நடக்கிறவர்கள் மேல் வெயில் படவேண்டாம் என்று தம் வேலியை உள்ளே தள்ளிக் கட்டினார். பாதை அந்த நிழலுக்குள் வளைந்துகொண்டது. பள்ளிவாசல் கிணற்றில் ஆசியா உம்மாள் என்கிற அம்மாள் கோடைக்கு ஒரு வாளியும் கயிறும் வைத்தாள். பாதை கிணற்றடி வரைக்கும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியது. குளத்தங்கரையில் ஒரு வருஷம் ஆள்காட்டிக் குருவிகள் தரையில் முட்டையிட்டிருந்தன. மிதித்துவிடக் கூடாதே என்று யாரோ சுற்றிப் போனார்கள். குருவிகள் போன பிறகும் சுற்றிப் போவதே வழக்கமாகிவிட்டது. பாதையின் சரித்திரம் இவ்வளவுதான்.

மணல்விளைக்குச் சற்று முன்னால் ஓர் ஏற்றம் வரும். ஏற்றம் முடிகிற இடத்தில், பாதையின் ஓரத்தில், ஒரு சுமைதாங்கி நின்றது. நட்டுவைத்த இரண்டு கல், அவற்றின் மேல் படுத்த ஒரு கல். ஒரு மனிதனின் நெஞ்சு உயரம். தலைச்சுமையோடு வருகிறவர்கள் பிறர் கையை எதிர்பாராமல் அதன்மேல் சுமையைச் சாய்த்து இறக்கலாம். மூச்சு வாங்கியபின் தாமே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

அதை நட்டவன் தாணுமாலையன். வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிறவன். அவன் மனைவி வடிவம்மாள் நிறைமாதத்தில், பிள்ளையைப் பெறாமலே இறந்துபோனாள். அப்படிப் போகிறவர்களுக்காக வழியில் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இறக்காத சுமையோடு போனவளுக்கு, வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்கும்போது கொஞ்சம் நோவு குறைகிறது என்று நம்பிக்கை. தாணுமாலையன் வேலை முடிந்து திரும்புகையில் தினமும் அந்தக் கல்லைத் தன் துண்டால் துடைப்பான். அதன்மேல் கருப்பட்டிப் பிசுக்கோ வைக்கோல் தூசியோ இருந்தால், 'இன்னைக்கும் நாலு பேர் இறக்கியிருக்காவ' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவான்.

டில்லியில் புதிய சக்கரவர்த்திக்குத் தர்பார் நடந்த வருஷத்தில், எல்லா ஊர்களிலும் எதையாவது செய்துவிட வேண்டும் என்று ஒரு வேகம் பிறந்தது. சில ஊர்களில் விளக்குத்தூண் நட்டார்கள். சில ஊர்களில் வாணம் விட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் ஒரு கமிட்டி வைத்தார்கள். தென்கால் ரஸ்தா கமிட்டி என்று அதற்குப் பெயர். அதன் முதல் தீர்மானம், கமிட்டி கூடியது என்பது. இரண்டாவது தீர்மானம், முதல் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றிய அங்கத்தினர்களுக்கு நன்றி.

பிரசிடெண்டு அம்மையப்ப பிள்ளை நல்ல சிவபக்தர், பெரிய நிலக்காரர், பருத்த சரீரம். அவர் எழுந்து பேசினார்:

"கனவான்களே! இந்தப் பிரதேசத்தில் ஆதிகாலம் முதல் பாதை என்பதே கிடையாது. ஜனங்கள் ஓரிடத்தை விட்டு ஓரிடம் போகாமல், பிறந்த இடத்திலேயே இருந்து மடிந்தார்கள். நான் சிறு பிராயத்தில் இந்தப் பாதை வழியாக ஏரலுக்குப் படிக்கப் போனபோது பட்ட கஷ்டம் எனக்குத்தான் தெரியும். ஆகவே இல்லாத பாதையை உண்டாக்குவதும், உண்டான பாதைக்குப் படம் வரைவதும் நம் கடமை."

எல்லோரும் கைதட்டினார்கள்.

படம் வரைய வந்தவர் ஓவர்சியர் திருஞானசம்பந்தம். தஞ்சாவூர்ப் பக்கத்து வாலிபர், வேலையில் கவனமானவர். மேலிடத்தில் அவருக்கு ஒரு சித்திர அட்டவணை கொடுத்திருந்தார்கள். கோயிலுக்கு ஒரு குறி, கிணற்றுக்கு ஒரு குறி, பாலத்துக்கு ஒரு குறி என்று எல்லாவற்றுக்கும் அதில் குறி உண்டு. சுமைதாங்கிக்கு மட்டும் இல்லை. அட்டவணையைத் தயார் செய்தவர்கள் தலையில் எதையும் சுமந்திராதவர்கள் போலும். ஓவர்சியர் வெகுநேரம் யோசித்தார். குறி இல்லை என்று கல்லை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே இருக்கிற குறிகளில் மிகவும் ஜாடை ஒத்த ஒன்றைப் போட்டார். அது சுங்கம் வசூலிக்கிற டோல்கேட்டின் குறி.

படம் கமிட்டிக்குப் போயிற்று. காரியதரிசி நமச்சிவாயம் ஒப்புப் பார்த்தார். பிரசிடெண்டு கையெழுத்திட்டார். முத்திரை விழுந்தது. முத்திரை காய்ந்த பிறகுதான் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். தங்கள் சாலையில் தங்களுக்குத் தெரியாமல் ஒரு டோல்கேட்டு இருப்பது அப்போதுதான் கமிட்டிக்குத் தெரியவந்தது.

தாணுமாலையனுக்கு ஆள் வந்தது. அவன் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கமிட்டி ஆபீசுக்குப் போனான்.

"நீதானா தாணுமாலையன்? கேட்டு வச்சிருக்கியே, அந்தத் தாணுமாலையன்?" என்று கேட்டார் நமச்சிவாயம்.

"ஐயா, நான் தோட்டத்துல வேலை பாக்குதேன். கேட்டு கீட்டுல்லாம் எனக்குத் தெரியாதுய்யா."

"மணல்விளை ஏத்தத்துல ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லு போட்டிருக்கியா, இல்லியா?"

"போட்டிருக்கேன்யா. அது சுமைதாங்கில்லா? எம் பொஞ்சாதி வடிவு வயித்துப் பிள்ளையோட போயிட்டாய்யா. அவளுக்காவ நட்டது."

நமச்சிவாயம் கெட்டவர் அல்ல. பேனாவைக் கீழே வைத்தார். "பாவம்லே" என்றார். பிறகு பேனாவை மையில் தோய்த்தார். "ஆனா படத்துல கேட்டுன்னுல்லா போட்டிருக்கு?"

"படத்தைத் திருத்திப்போடுங்கய்யா."

"திருத்தலாம்லே. திருத்தணும்னா தப்புன்னு எழுதணும். தப்புன்னா யாரு தப்புன்னு எழுதணும். ஓவர்சியர் வரைஞ்சாரு, நான் ஒப்புப் பாத்தேன், பிரசிடெண்டு கையெழுத்துப் போட்டாவ. அவுக கையெழுத்துப் போட்ட பொறவு அது எப்படிலே தப்பாகும்?"

"அப்ப ஒருவாட்டி வந்து கல்லைக் கண்ணால பாத்துருங்கய்யா. நம்ம ஊருதானே?"

"நல்லா சொன்னே! நேர்ல வந்து பாத்தா, படத்துல சந்தேகம்னுல்லா ஆகிப்போகும்?"

தாணுமாலையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததெல்லாம் தன் குறை என்று நினைக்கிற சுபாவம் அவனுக்கு. அனுமதி இல்லாமல் கேட்டு வைத்தது குற்றம். ஆனால் அதைக் கமிட்டிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டால் குற்றம் புண்ணியமாகிவிடும் என்று நமச்சிவாயம் வழி சொன்னார். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"கல்லைப் பிடுங்கிர மாட்டியளேய்யா?"

"பிடுங்கவா? இனிமே அதுக்குக் கமிட்டில்லா காவல்!"

தாணுமாலையன் சந்தோஷமாகக் கைநாட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

டோல்கேட்டு என்று இருந்தால் அதைக் குத்தகைக்கு விடவேண்டும். ஏலத்தில் எடுத்தவர் ஏரல் அரிசி வியாபாரி காஜா முகைதீன் ராவுத்தர். படத்தைப் பார்த்து எடுத்தவர். ஒரு நாள் சாயங்காலம் வண்டியை நிறுத்தி இறங்கியபோது, கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த தாணுமாலையன் மட்டும்தான் அங்கே இருந்தான்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு டோல்கேட்டு இருக்காமே. எங்கன இருக்கு?"

"இதாங்க" என்று தாணுமாலையன் பணிவாகக் கல்லைக் காட்டினான்.

ராவுத்தர் கல்லை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து அதன் வழியே அந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் ஓர் ஆடு நின்று இந்தப் பக்கம் பார்த்தது.

"இதுக்குள்ள வண்டி எப்படிப் போவும்?"

"வண்டி இதுல போவாதுங்க. அந்தா, அங்கன போவும்."

"மனுசன்?"

"மனுசனும் அங்கனதான் போவான். சுமை மட்டுந்தான் இங்கன வரும்."

ராவுத்தர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல கேட்டு எடுத்தேன்வே! ஏரலே எம் பேரைச் சொல்லிச் சிரிக்கும்." சிரித்து முடிந்தபின், "ஆமா, யாரு வச்ச கல்லு இது?" என்று கேட்டார். தாணுமாலையன் சொன்னான். தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ராவுத்தரும் கல்லின் ஒரு மூலையைத் துடைத்தார்.

"படைச்ச நாயன் அந்தப் புள்ளைக்கு லேசாக்கி வைப்பான். அண்ணாச்சி, நீரு கவலைப்படாதேயும். இந்தக் கல்லுல ஒரு காசு வாங்கமாட்டேன். கமிட்டிக்கு ஒரு மனுப் போடுதேன். 'கேட்டுன்னு எடுத்தேன், கதவைக் காணோம்'னு எழுதுதேன். கதவில்லாததைக் கேட்டுன்னு எப்படிச் சொல்லுவாவ? வெக்கப்பட்டு விட்டுருவாவ."

நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் ராவுத்தர் வியாபாரி; வியாபாரத்தில் குறையைச் சொன்னால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கமிட்டிகளின் வழக்கம் அவருக்குத் தெரியாது. மனுவைப் படித்த கமிட்டி, குத்தகைக்காரர் சொல்வது மிகவும் நியாயம் என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டு, ஒரு கதவு அனுப்பியது.

தேக்கில் இழைத்த கதவு. பித்தளைக் குமிழ், நாதாங்கி, பூட்டு எல்லாம் உண்டு. இரண்டு கல்லுக்கும் நடுவே அதை மாட்டினார்கள். இடப்பக்கம் வெட்டவெளி, வலப்பக்கம் வெட்டவெளி, நடுவே பூட்டின கதவு. சாவி செங்குளத்தூர் ஆபீசில் இருந்தது. ஆடுகள் அதில் முதுகைச் சொறிந்துகொண்டன. ஒரு நாய் அதன் நிழலில் குட்டி போட்டது. ஜனங்கள் வழக்கம்போலப் பக்கத்தில் நடந்து போனார்கள். தாணுமாலையன் மட்டும், கமிட்டிக்கு மரியாதைக்குறைவு ஆகக்கூடாது என்று, போகும்போது அந்தக் கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போவான்.

மேல்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் புல்லுக்கட்டையும் விறகுக்கட்டையும் அதன்மேல் இறக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது போதும் அவனுக்கு.

அடுத்து, சாலை கேட்டின் வழியாகப் போகவில்லை என்பது கண்டுபிடிக்கப்பட்டது. கேட்டை நகர்த்தினால் படம் மாறும். சாலையை நகர்த்தினால் மண் மட்டும்தான் மாறும். ஆகவே சாலையை நகர்த்தினார்கள். செங்குளத்தூரிலிருந்து எத்தனையோ வளைவுகளோடு வந்த பாதை, கடைசியாக ஒருமுறை வளைந்து, கதவுக்கு முன்னால் வந்து நின்றது. திறப்பு விழாவுக்கு வைகாசியில் நாள் குறித்தார்கள். பிரசிடெண்டு கேட்டின் வழியாக நடந்து சாலையைத் திறந்து வைப்பார் என்று அழைப்பு அச்சடித்தார்கள்.

அழைப்பு அச்சான பிறகு யாரோ ஓர் அங்கத்தினர் கேட்டார்: "நெஞ்சு ஒசரக் கேட்டுல பிரசிடெண்டு எப்படிவே நுழைவாவ?"

"குனிஞ்சுதான்" என்று நமச்சிவாயம் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

பிரசிடெண்டு குனிந்தால் கமிட்டியே குனிந்ததாகும். அன்றைக்கே தீர்மானமாயிற்று: இரண்டு ஆள் உயரத்தில் புதிய தூண்கள் நட வேண்டியது, பழைய மேல்கல்லை விழாவன்று நல்ல முகூர்த்தத்தில் அவற்றின்மேல் ஏற்றவேண்டியது.

இதைத் தாணுமாலையனிடம் வந்து சொன்னவர் ஓவர்சியர் சம்பந்தம்தான். தூண்கள் நட வந்த இடத்தில், அவன் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கல்லு பத்திரமா இருக்கும்ப்பா. எங்கேயும் போகாது. மேலே இருக்கும், அவ்வளவுதான்."

தாணுமாலையன் தலையைத் தூக்கி, தூண்களின் உச்சியைப் பார்த்தான். "அம்புட்டு ஒசரத்துல சுமையை யாருய்யா வைப்பா?" என்றான்.

ஓவர்சியர் அளவுநாடாவைச் சுருட்டத் தொடங்கினார். அன்று மாலை தாணுமாலையன் சிவன் கோயிலுக்குப் போய், பூஜை முடிந்து பிரசிடெண்டு வெளியே வருகிற வரையில் கொடிமரத்தருகில் காத்திருந்தான்.

"எசமான், அந்தக் கல்லு முந்தி இருந்த ஒசரத்துலேயே இருக்கட்டும் எசமான். வேற எதுவும் நான் கேக்கலை."

"ஏலே, உன் நல்லதுக்குத்தான செய்யுதோம்?" என்றார் அம்மையப்ப பிள்ளை, கோபமில்லாமல். "கீழ கெடந்தா ஆடு மேயும். மேல இருந்தா நாலு பேர் அண்ணாந்து பாப்பான். உம் பொஞ்சாதிக்கு அது மரியாதைதானலே?"

"மரியாதைக்கு நடலை எசமான். சுமைக்குல்லா நட்டேன்."

"சுமையா? சுமையைப் பத்தி நீ எனக்குச் சொல்லுதியா? கோயிலுக்கு நான் தர்மகர்த்தா. பள்ளிக்கூடத்துக்கு நான் போஷகர். இப்ப இந்த ரஸ்தா. சாப்பிட்டு எந்திரிச்சாக் கூட ஒரு நாழி படுக்க விடமாட்டேங்கான். இந்தத் தலையில எம்புட்டுப் பாரம் இருக்குன்னு உனக்குத் தெரியுமாலே?"

தாணுமாலையன் உண்மையான இரக்கத்தோடு அவர் தலையைப் பார்த்தான். "அதுக்குத்தான் எசமான் சொல்லுதேன். அந்தக் கல்லு தாழ இருக்கட்டும்."

பிரசிடெண்டு அதைத் தமக்கான உபசார வார்த்தையாக எடுத்துக்கொண்டு, அவன் கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

விழா நாள் வந்தது. வைகாசி வெயில். புழுதி பறக்கக் கூடாதென்று விடியற்காலம் முதல் ஏற்றம் முழுவதும் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சாலை சேறாகிப் பளபளத்தது. சேற்றில் மேளக்காரர்கள் நின்றார்கள். கதவைக் கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். மேல்கல்லை இறக்கி, சந்தனம் பூசி, மாலை போட்டு, தரையில் கிடத்தியிருந்தார்கள். பழைய குட்டைக் கற்கள் இரண்டும் தலையில்லாமல் நின்றன. அவற்றுக்கு இருபுறமும் புதிய தூண்கள். கூட்டத்தின் கடைசியில் தாணுமாலையன் நின்றான். வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். கல் மேலே போகும்போது கூட ஒருவராவது இருக்கவேண்டும் என்று வந்துவிட்டான். பக்கத்தில் காஜா முகைதீன் ராவுத்தர். "எல்லாம் நான் போட்ட மனுவால வந்தது அண்ணாச்சி" என்று அவர் முணுமுணுத்தார். அவன் அவர் கையைத் தொட்டு, "நீங்க நல்லதுக்குத்தான செஞ்சிய" என்றான்.

பிரசிடெண்டு பேச ஆரம்பித்தார். "கனவான்களே! இந்தச் சாலையின் சரித்திரம் நேற்றுத் தொடங்கியது..." என்று தொடங்கி, நேற்றைப் பற்றி வெகுநேரம் பேசினார். முடித்ததும் நாதஸ்வரம் முழங்கிற்று. கல்லுக்கு முதல் சாந்து வைப்பதற்காக வெள்ளிக் கரண்டியைத் தாம்பாளத்தில் வைத்து நமச்சிவாயம் கொண்டுவரவேண்டும். பிரசிடெண்டு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளவேண்டும். அப்படித்தான் ஏற்பாடு. பிரசிடெண்டு இரண்டு கைகளையும் நன்றாக நீட்டிக்கொண்டு, புகைப்படக்காரரின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்.

அந்தச் சமயத்தில் ஏற்றத்தின் கீழிருந்து ஒரு பெண் வந்தாள். தலையில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. செம்மணல் மேடான தேரிக்காட்டிலிருந்து ஏரல் சந்தைக்குப் போகிறவள். இன்பமணி என்று பெயர். முகமெல்லாம் வேர்வை. ஒரு கை பெட்டியைப் பிடித்திருந்தது; ஒரு கை இடுப்பைப் பிடித்திருந்தது. நிறைமாதக்காரி. கண்ணைத் தரையிலேயே வைத்து, சேற்றில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து வந்தவள், கல் இருக்கிற இடத்துக்கு வந்து நிமிர்ந்தாள். கல்லைக் காணவில்லை. மேளம், கூட்டம், தோரணம் ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை. எதிரே ஒரு பெரியவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பது மட்டும் பட்டது.

அந்தப் பாதையில் கை நீட்டி நிற்கிறவர் எதற்கு நிற்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

"நல்லா இருப்பியய்யா" என்று சொல்லி, இன்பமணி பெட்டியை அவர் கையில் சாய்த்துவிட்டாள்.

நாதஸ்வரம் நடு ராகத்தில் நின்றது. பிரசிடெண்டு இரண்டடி பின்னால் போய், தொப்பையில் பெட்டியைத் தாங்கிக்கொண்டு நிலைத்தார். கீழே வைக்க முடியாது. தரையெல்லாம் கமிட்டி தெளித்த தண்ணீர், கருப்பட்டி கரைந்துபோகும். கிடத்தியிருந்த கல்லின்மேல் வைக்கலாமென்றால் அவர் சரீரத்துக்கு அவ்வளவு குனிய வராது. இரண்டு கூலியாட்கள் ஓடிவந்தார்கள்.

"தொடாதிய!" என்று நமச்சிவாயம் தடுத்தார். "பிரசிடெண்டு கையிலேருந்து கூலியாள் வாங்குறதா? வைஸ் பிரசிடெண்டு வாங்கணும்."

வைஸ் பிரசிடெண்டு தம் புதுக் கோட்டைப் பார்த்துக்கொண்டார். "வாங்கலாம். ஆனா பிரசிடெண்டு பொறுப்பை நான் வாங்கணும்னா அவுக ஊர்ல இல்லாம இருக்கணும்லா?" என்றார். அது முறைதானா என்று அங்கத்தினர்களுக்குள் பேச்சு எழுந்தது. இரண்டு கட்சி ஏற்பட்டது. வாக்கு எடுத்துவிடலாம் என்றார் ஒருவர்.

பிரசிடெண்டின் காதில் அதொன்றும் விழவில்லை. பெட்டி அவர் தொப்பையிலிருந்து வழுக்கத் தொடங்கியிருந்தது. பெட்டிக்கு மேலாக அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, கண்ணை மூடி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கேருந்தும்மா வார?"

"தேரிக்காட்டுலேருந்துய்யா."

"அங்கேருந்து இதைத் தூக்கிக்கிட்டா வார? இந்த நிலைமையிலயா?"

"ஏத்தம் ஏறினா ஒரு கல்லு இருக்கும், அங்கன இறக்கிக்கிடலாம்னுதான் வந்தேன்யா. அதை நம்பித்தான் வாரது. இன்னைக்கு என்னமோ அதைக் காணோம்."

தாணுமாலையன் எப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. "எசமான், குடுங்க, நான் வாங்கிக்கிடுதேன்" என்று கை நீட்டினான்.

அம்மையப்ப பிள்ளை அவனைப் பார்த்தார். கீழே மாலையோடு கிடந்த கல்லைப் பார்த்தார். பிறகு எதிரே நின்ற குட்டைக் கற்கள் இரண்டையும் பார்த்தார்.

"வேண்டாம்லே" என்றார். குரல் வேறாக இருந்தது. "வே, ஓவர்சியர்! அந்தக் கல்லைத் தூக்கி முந்தி இருந்த எடத்துல வையும்."

ஓவர்சியர் சம்பந்தம் இரண்டாம் வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே கடப்பாரையைப் பிடித்தார்.

"எசமான்," என்று நமச்சிவாயம் பதறினார், "தீர்மானம் இருக்குல்லா? ஒசத்தி வைக்கணும்னுல்லா..."

"தீர்மானத்தை நீரு எப்படியும் எழுதிக்கிடும். எனக்குக் கை போகுதுவே!"

கல் அதன் இடத்தில் உட்கார்ந்தது. அம்மையப்ப பிள்ளை பெட்டியை அதன்மேல் சாய்த்து இறக்கினார். இறக்கியதும் "சிவசிவா" என்று ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் அந்தக் கல்லருகில் விடுகிற பெருமூச்சு அது. நமச்சிவாயம் அவசரமாக எழுதிக்கொண்டார்: 'பிரசிடெண்டு அவர்கள் தமது சொந்தக் கரங்களால் முதல் பாரத்தை ஏற்றி, கேட்டின் உயரத்தைப் பரீட்சித்து, சரியென்று கண்டார்கள்.'

ராவுத்தர் கமிட்டியின் தேக்குக் கதவைத் தூக்கிவந்து ஈரத்தில் கிடத்தி, இன்பமணியை அதன்மேல் உட்கார வைத்தார். கதவு செய்த முதல் வேலை அதுதான். பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு வந்தது. அவள் குடித்து முடித்து, கல்லை ஒரு கையால் தடவி, "புண்ணியவான், யாரு வச்ச கல்லோ" என்றாள்.

"எம் பொஞ்சாதிக்கு வச்சது தாயி. வடிவுன்னு பேரு. உன்னை மாதிரி நிலைமையிலதான் போனா" என்றான் தாணுமாலையன்.

இன்பமணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஏசப்பா அந்த அக்காவுக்கு இளைப்பாறுதல் குடுப்பாரு" என்றாள். பிறகு, "எனக்கு நேரமாச்சு, சந்தை கலைஞ்சிரும்" என்று எழுந்து தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

தாணுமாலையன் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கத்தை யார் பிடிக்கிறார்கள் என்று பார்த்தான். அம்மையப்ப பிள்ளை. அங்கவஸ்திரத்தில் கருப்பட்டிப் பிசுக்கு ஒட்டியிருந்தது. இருவரும் சேர்ந்து பெட்டியைக் கல்லிலிருந்து நகர்த்தி, அவள் தலைக்கு மெதுவாகக் கொண்டுபோனார்கள்.

"பைய" என்றார் பிரசிடெண்டு. "பைய, தாயி, பைய."

அன்று காலை முழுவதும் அவர் பேசியதில் எல்லோருக்கும் புரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.